ஒரே வாசல் வேண்டாம்



பிள்ளைகள் கம்பெனி வேலைக்குச் செல்லும் வீடுகளில் இன்று ஒரு கேள்வி எழுகின்றது. “சம்பளத்தோடு கம்பெனியின் பங்குகளையும் கொடுக்கிறார்கள். சலுகை விலைக்கு வாங்கிக் கொள்ளவும் சொல்கிறார்கள். மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?”

கூலிக்கு உழைப்பதும், கூட்டு வியாபாரத்தில் சேருவதும் ஷரீஅத்தில் ஆகுமானவையே. ஆனால் பங்கு கைக்கு வந்த நாள் முதல் நாம் ஊழியர் மட்டுமல்ல, முதலாளிகளில் ஒருவருமாவோம். கம்பெனி எதை விற்கிறது, எப்படிச் சம்பாதிக்கிறது என்பதற்கு நாமும் பதில் சொல்லியாக வேண்டும். மது, வட்டி, சூது ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்ட கம்பெனியின் பங்கு இனாமாக வந்தாலும் நமக்கு வேண்டாம்.

தொழில் ஹலால், ஆனால் வட்டிக் கொடுக்கல் வாங்கலும் இடையே கலந்திருக்கிறது என்றால்? அதிலும் சேருவது அடிப்படையில் ஹராம் என்றே 1992-ல் ஜித்தாவின் இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு கூறியது. வேறு சில அறிஞர் சபைகள், வட்டிக் கடன் குறிப்பிட்ட அளவைத் தாண்டாமல் இருந்து, ஹராமான வருமானத்தின் பகுதியைக் கணக்கிட்டு வெளியேற்றி விடுவதானால் அனுமதிக்கின்றன. பேணுதலை நாடுபவர் நம்பகமான ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். பங்கை வாங்குவதற்கென்றே வட்டிக்குக் கடன் எடுப்பதோ எந்நிலையிலும் தகாது.

இனி, ஹலாலான பங்கிலும் ஓர் ஆபத்து உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ‘என்ரான்’ என்ற பெரிய எரிசக்திக் கம்பெனி இருந்தது. அதன் ஊழியர்கள் முதுமைக்கென்று சேர்த்த பணத்தில் பாதிக்கு மேல் அதே கம்பெனியின் பங்குகளாகவே இருந்தது. 2000-ம் ஆண்டில் ஒரு பங்கு சுமார் 90 டாலர். கணக்கில் செய்த மோசடி அம்பலமானதும், 2001 டிசம்பரில் கம்பெனி திவாலானது. பங்கு ஒரு டாலருக்கும் கீழே விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையையும் சேமிப்பையும் ஒருசேர இழந்தனர். மேலிடத்தில் இருந்த சிலரோ தங்கள் பங்குகளை முன்னதாகவே விற்றுக் காசாக்கியிருந்தனர்!

தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டுபிடித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்று எச்சரித்தார்கள் அல்லவா? உள்ளே வேலை செய்யும் நமக்கு மட்டும் தெரிந்த குறையை மறைத்து, வெளியே உள்ளவர் தலையில் பங்கைக் கட்டுவதும் அந்த ஈரத் தானியமே. அலுவலக ரகசியம் அமானத். அதை விலையாக்கக் கூடாது.

யஃகூப் (அலை) அவர்கள் தம் மக்களை எகிப்துக்கு அனுப்பியபோது, ஒரே வாசல் வழியாக நுழையாமல் பல வாசல்கள் வழியாக நுழையுங்கள் என்றார்கள் (12:67). கண்ணேறுக்கு அஞ்சியே அவ்வாறு கூறினார்கள் என்பர் விரிவுரையாளர்கள். ஆயினும் அதில் நமக்கும் ஒரு படிப்பினை உண்டு. அல்லாஹ்வின் நாட்டத்தைத் தம்மால் தடுக்க முடியாது என்றும் அவர்கள் உடனே சொன்னார்கள். முயற்சி நம்முடையது, முடிவு அவனுடையது. சம்பளம் வரும் வாசலிலேயே சேமிப்பு முழுவதையும் வைத்து விட்டால், அது அடைபடும் நாளில் மனைவி மக்களின் கதி என்ன?

ஜகாத்தையும் மறவாதீர்கள். பின்னாளில் தருவதாகச் சொன்ன பங்கு இன்னும் நம் சொத்தல்ல. உரிமையான பின்பே கணக்கில் சேரும். நிஸாப் உடையவர், விற்பதற்காக வைத்திருக்கும் பங்குக்கு ஆண்டு நிறைவடையும் நாளின் விலையில் இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டும்.

சம்பாத்தியத்தில் தூய்மையையும், சேமிப்பில் நிதானத்தையும், இரண்டிலும் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.