ஹாலேவில் ஒன்றரை நாள்

ஆபீஸ் வேலையாக பெர்லின் போகிறேன். நடுவில் ஒரு வாரக்கடைசி சும்மா கிடக்கிறது. ஹாலே போகலாம் என்று திட்டம். "ஒன்றரை நாள்ல ஒரு ஊர என்னத்தலே பாப்ப?" என்றான் நண்பன். நியாயமான கேள்விதான்.

ஹாலேவில் பார்க்க நிறைய உண்டு. இசைமேதை ஹேண்டல் 1685-ல் பிறந்த வீடு இருக்கிறது. சுமார் 3,600 ஆண்டுப் பழமையான நெப்ரா வான்வட்டு இருப்பதும் அங்கேதான். ஆனால் நம்மவர்களை இழுப்பது ஃபிராங்கே அறநிலையம். ஃபிராங்கேயிடம் படித்த சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அந்த அறநிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் இருக்கின்றன.

அதைப் பார்க்கப் போகும் தமிழனிடம் இரண்டு தீர்ப்புகள் ரெடியாக இருக்கும். "நம்ம சொத்த அள்ளிட்டுப் போயிட்டான்." அல்லது, "நம்ம மொழியோட பெருமையப் பாரு." இரண்டையும் வீட்டில் இருந்தபடியே சொல்லிவிடலாமே, டிக்கெட் எதற்கு?

சீகன்பால்கும் தீர்ப்போடுதான் வந்தார். வந்ததே மதம் மாற்ற. ஆனால் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். சேர்த்த சுவடிகளுக்கு 1708-ல் பட்டியல் போட்டார். உலகநீதியையும் கொன்றைவேந்தனையும் ஜெர்மனில் பெயர்த்தார். 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு நூலே எழுதி அனுப்பினார். நோக்கம் மாறவில்லை, பார்வை மாறியிருந்தது. இந்தியாவைப் பார்த்தே இராத ஃபிராங்கே அந்த நூலை அச்சிடவில்லை. அது அச்சேறியது 1867-ல், சென்னையில்.

அப்படியானால் வருஷக்கணக்கில் தங்கினால்தான் ஒரு ஊர் புரியுமா? டேனிஷ்காரர்கள் 1620 முதலே தரங்கம்பாடியில் இருந்தார்கள். பெரும்பாலும் போர்த்துக்கீசியத்தை வைத்தே காரியத்தை ஓட்டினார்கள். நாள் கணக்கு மட்டும் யாருக்கும் கண்ணைத் திறந்துவிடாது.

எங்க ஊர் புளியங்குடி வழியாகக் குற்றாலம் போகிறவர்கள் எலுமிச்சை மூட்டைகளைத்தான் பார்க்கிறார்கள். அது பொய்யில்லை. "எலுமிச்சை ஊரு, அவ்வளவுதான்" என்று முடிப்பதுதான் சிக்கல். இறங்கி, "அண்ணாச்சி, இந்த வருஷம் காய்ப்பு எப்படி?" என்று கேட்டவருக்குப் பத்து நிமிஷத்திலேயே கொஞ்சம் ஊர் தெரிந்திருக்கும்.

குறைவாகப் பார்ப்பது தப்பில்லை. குறைவாகப் பார்த்துவிட்டுப் பெரிய தீர்ப்பு எழுதுவதுதான் தப்பு. திட்டம் போடுவது என்றால் எதை விடுவது என்று முடிவு செய்வதுதானே! ஹேண்டலையும் வான்வட்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். காப்பகத்துக்கு முன்கூட்டியே எழுதி, ஒரே ஒரு சுவடியைக் காட்ட முடியுமா என்று கேட்கப் போகிறேன். அதனிடம் கேட்க ஒரே கேள்விதான்: இது விலைக்கு வாங்கியதா, கூலி கொடுத்துப் பிரதி எடுத்ததா, யாரோ மனசார எடுத்துக் கொடுத்ததா?