கைதட்டும் கரங்களின் கடன்

2014 நவம்பர் மாதம் ஷாங்காய் நகரில் ஃபிகர் ஸ்கேட்டிங் எனும் பனித்தள நடனப் போட்டி நடைபெற்றது. ஆட்டத்திற்கு முன் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது ஜப்பான் வீரர் யுசுரு ஹன்யூவும் சீன வீரர் ஹான் யானும் மோதி விழுந்தனர். தலையிலும் தாடையிலும் காயமுற்ற ஹன்யூ, கட்டுடன் மீண்டும் களம் இறங்கினார். ஐந்து முறை விழுந்தார். ஐந்து முறையும் எழுந்தார். வெள்ளிப் பதக்கமும் பெற்றார்.

இத்தகைய மன உறுதியை நாம் போற்றுகிறோம். போற்றுவது சரிதானா?

இக்கலையில் கண்ணுக்குத் தெரியும் காயங்கள் சிலவே. சுழன்று எழும்பும் ஆட்டக்காரர் ஒற்றைக் காலில், மெல்லிய இரும்புத் தகட்டின் மேல் இறங்குகிறார். உடல் எடையைப் போன்று பல மடங்கு விசை அக்காலைத் தாக்குகிறது. காலணி கணுக்காலை இறுகப் பிடித்திருப்பதால் அது முழங்காலுக்கும் இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் ஏறுகிறது. நாள்தோறும் பன்முறை இப்படி இறங்குவதால் எலும்பில் நுண்ணிய விரிசல்கள் தோன்றுகின்றன. விழுந்ததால் மட்டுமன்று, விழாமல் அழகாக இறங்கியதாலும் உடல் சிதைகிறது. நாம் கைதட்டுவதோ அந்த அழகுக்கே.

அமெரிக்காவின் டாரா லிப்பின்ஸ்கி 1998இல் நாகனோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 15. 2000ஆம் ஆண்டில், 18 வயதில், இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

அறிவும் சுதந்திரமும் கூடிய செயலே முழுமையான மனிதச் செயல் என்பது அறநெறி இயலின் பாலபாடம். தியாகத்திற்கும் இதுவே அளவுகோல். தான் கொடுப்பது இன்னதென அறிந்தவரே கொடுக்க இயலும். ஷாங்காயில் ஹன்யூவுக்கு வயது 19. அவர் ஓரளவேனும் அறிந்து கொடுத்தார் எனலாம். நாற்பது வயதில் தன் மூட்டு எப்படி வலிக்கும் என்பதைப் பதின்மூன்று வயதுச் சிறுமி எவ்வாறு அறிவாள்? அவள் கொடுக்கவில்லை, அவளிடமிருந்து எடுக்கப்படுகிறது. எடுப்பவர் பயிற்சியாளர் மட்டும்தானா?

சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2022இல், மூத்தோர் போட்டிக்குரிய குறைந்தபட்ச வயதை 15இலிருந்து படிப்படியாக 17ஆக உயர்த்த முடிவு செய்தது. நல்ல முடிவு. ஆயினும் பயிற்சிக் கூடத்தின் விடியற்காலைக்குள் எந்த விதியும் முழுமையாக நுழைவதில்லை. அங்கே நுழைவது புகழின் ஆசை. அதை ஊட்டுவது நம் கைதட்டல்.

ஆகவே, வலியை மறைத்துச் சிரிக்கும் குழந்தையைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடலாகாது. "வலிக்கிறது" என்று சொல்லிக் களத்தைவிட்டு வெளியேறும் குழந்தைக்கும் எழுந்து நின்று கைதட்ட நாம் கற்றுக்கொள்ள வேண்டும். அதுவும் வீரமே.