வேகமும் நியாயமும்

குழந்தையைச் சைக்கிளில் ஏற்றித் தெருவுக்கு அனுப்பும் தகப்பன் அதன் பிராணனை அபாயத்தில் இடுகிறானா, அல்லது அதற்குப் பிறப்பிலேயே உரிய சுதந்திரத்தைத் திருப்பித் தருகிறானா என்பது, மேலோட்டமாகப் பார்த்தால் குடும்ப விஷயம். ஆழ்ந்து நோக்கினால் தர்ம விசாரம்.

நெதர்லாந்து தேசத்தில் 1971-ம் வருஷம் சாலை விபத்துகளில் 3,000-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் 400-க்கும் அதிகமானோர் குழந்தைகள். அதை விதியின் செயலென்று ஏற்க மறுத்து வீதிக்கு வந்த பெற்றோர், பிள்ளைகளை வீட்டுக்குள் அடைப்பதற்குப் பதிலாகத் தெருக்களைத் திருத்துமாறு கேட்டார்கள். 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடியை முன்னிட்டு அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டிகளைத் தடுத்தபோது, நெடுஞ்சாலைகளிலே குடும்பம் குடும்பமாகச் சைக்கிளில் உலாவிய அந்த ஜனங்கள், தாங்கள் எதை இழந்திருந்தோம் என்பதைப் பிரத்தியட்சமாகவே கண்டிருப்பார்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில், குருத்துவத்தைத் துறந்தவரான இவான் இல்லிச், மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டருக்கு மேற்பட்ட போக்குவரத்து வேகம் சமத்துவத்தைக் குலைக்கிறது என்றும், ஒருவன் மிச்சப்படுத்தும் நேரம் இன்னொருவனிடமிருந்து பறித்ததே என்றும் வாதித்தார். இதை முழுவதும் ஒப்புக்கொள்ள என் மனம் இசையவில்லை. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணிடம் இந்தச் சித்தாந்தத்தை யார் போய்ச் சொல்லுவது? ஆயினும், பிள்ளையைக் காப்பதற்கென்றே காரில் கொண்டுவிடும் தகப்பன், பள்ளிக்கூட வாசலில் அஞ்சுவது பெரும்பாலும் தன்னைப் போன்ற மற்றத் தகப்பன்மாரின் கார்களுக்குத்தான்.