இயற்கையும் அறமும்

சாண எருவும் வேப்பம் பிண்ணாக்கும் இட்டு வீட்டிலேயே வளர்த்து, பூங்கொத்துகளை நிழலில் தொங்கவிட்டு உலர்த்திய கஞ்சாவில் தீங்கில்லை என வாதிடுவோர் உளர். பூச்சிமருந்து புகையோடு உட்செல்லாது என்பது மெய்யே. ஆனால், மயக்கும் பொருள் எருவினின்று வருவதன்று. செடியே அதனை ஆக்குகிறது. இயற்கையானது என்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடுமா?

இவ்வினாவுக்குக் கடாரத் தோட்டப்புறம் முன்னரே விடை கண்டுள்ளது. கள்ளும் இயற்கையின் விளைவே. தென்னம்பாளையினின்று வடிந்து, தானே புளித்து வெறியூட்டுவது. ஆங்கிலேயர் ஆட்சியில் சட்டமும் அதற்கு இசைந்தது; தோட்ட நிருவாகங்களே கடை நடத்தின. எனினும், 1946, 1947-ஆம் ஆண்டுகளில் ஏ.எம். சாமியின் தலைமையில் இயங்கிய தொண்டர் படை, பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடை மறியலில் இறங்கியது. கள் தூயதா, கலப்படமா என்பதன்று அங்கு எழுந்த வழக்கு. பால்மரம் சீவிப் பெற்ற கூலி கடையிலேயே கரைய, வீட்டில் அடுப்பு எரியாமற் கிடந்ததே வழக்கு.

கஞ்சாவுக்கும் அதுவே உரைகல். மலேசியாவில் 1952-ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டம் அதனைப் பயிரிடுவதையே குற்றமாக்கியுள்ளது. ஆயினும், தண்டனைக்கு அஞ்சி விலகுவது எச்சரிக்கையேயன்றி அறமாகாது. சட்டம் இசைந்த கள்ளையும் விலக்கத் துணிந்த அத்தொழிலாளரிடமே அறம் இருந்தது. எருவின் தூய்மை செடியை வளர்க்கும். செயலின் தூய்மையையோ, அதன் விளைவைச் சுமக்கும் மனைவி மக்களின் முகத்தில்தான் காணவேண்டும்.