நஜீஸும் இரக்கமும்

சமய ஒழுக்கம் ஒன்றைத் தொடாதே என்கிறது. மனச்சான்று அதனையே தூக்கு என்கிறது. இரண்டுக்கும் இடையில் அகப்பட்டவன் யாது செய்வான்? இவ்வினா மெய்யியல் நூல்களிலிருந்து எனக்குக் கிடைத்ததன்று. கல்முனைக் கடற்கரையில், கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த தோணியொன்றின் கீழே கிடைத்தது.

மார்கழி மழைக்காலம். தாய்நாய் பிரதான வீதியில் வாகனமொன்றில் அடிபட்டு இறந்துவிட்டது. தோணியின் கீழே ஐந்து குட்டிகள், கண் திறவாதவை. நாய்க்குட்டி பிறந்து ஏறத்தாழ 10 முதல் 14 நாள் வரை கண் திறவாது. தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு இயலாது. தாய் நக்கித் தூண்டினாலன்றிச் சிறுநீரும் கழியாது. ஆகவே இவற்றைக் காப்பது, தூர நின்று சோறு வீசிவிட்டு அகலும் தருமமன்று. சில மணிக்கொரு முறை பாலூட்ட வேண்டும். ஈரத்துணியால் அடிவயிற்றைத் தடவிவிட வேண்டும். அதாவது தொட வேண்டும். அதுவும் ஈரத்தோடு தொட வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இலங்கை முஸ்லிம்களுட் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைச் சார்ந்தோர். அம்மத்ஹபின்படி நாய் கடும் நஜீஸ். உலர்ந்த நிலையில் தொட்டாற் குற்றமில்லை. ஈரம் பட்டால் ஏழு முறை கழுவுதல் வேண்டும், அவற்றுள் ஒன்று மண் கலந்த நீரால். (மண்ணுக்கும் நீருக்கும் எங்கள் ஊரில் என்றும் பஞ்சமில்லை.) மாலிக்கி மத்ஹபோ உயிருள்ள நாயைத் தூயதென்றே கொள்கிறது. ஆயினும், வசதிக்காக ஒருநாள் மாலிக்கியாக மாறுவதை நான் விரும்பவில்லை. நாம் ஏற்றுக்கொண்ட சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்பதே நேர்மை.

கழுவும் முறையை விதித்த சட்டம், தொடுதல் நிகழும் என்பதை எதிர்பார்த்தே விதித்தது. நஜீஸ் என்பது தொழுகைக்கு நிற்பவனது உடல், உடை, இடம் ஆகியவற்றின் நிலைபற்றிய தீர்ப்பு. தொடப்பட்ட உயிரின் பெறுமதிபற்றிய தீர்ப்பன்று. மனிதனது இரத்தமும் நஜீஸே. வீதியில் அடிபட்டுக் கிடப்பவனை, இரத்தம் படுமென்று எண்ணி நாம் தூக்காது விடுகிறோமா? தூக்குகிறோம்; பின்னர் கழுவுகிறோம். நாயின் விடயத்தில் மட்டும் கழுவுதற்குரிய விதியை வெறுப்பதற்குரிய விதியாக மாற்றிக்கொண்டோம். இவ்வெறுப்பு நூலிலிருந்து வந்ததன்று. பழக்கத்திலிருந்து வந்தது என்பதே என் துணிபு.

நூல் சொல்வது வேறு. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாயொன்றுக்காகக் கிணற்றில் இறங்கி, காலணியில் நீர் மொண்டு, அதனை வாயாற் கவ்விக்கொண்டு ஏறிவந்த மனிதனின் பாவம் மன்னிக்கப்பட்டதாக நபிகள் நாயகம் (ஸல்) கூறிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. குகைவாசிகளோடு வாயிலிற் படுத்திருந்த நாயைக் குர்ஆனின் கஹ்பு அத்தியாயம் அவர்களோடு சேர்த்தே எண்ணுகிறது. பக்தாதில் வாழ்ந்து 921 ஆம் ஆண்டளவில் மறைந்த இப்னுல் மர்ஸுபான், ஆடை உடுத்தோர் பலரினும் நாய்கள் மேலானவை எனத் தலைப்பிட்டு ஒரு நூலே தொகுத்தார்.

மறுதரப்பையும் மறைத்தல் தகாது. வேட்டை, மந்தை, பயிர்க்காவல் ஆகிய தேவைகளின்றி நாய் வளர்ப்பதைக் கண்டிக்கும் ஹதீஸ்களும் உள்ளன. வளர்த்தல் வேறு, பிழைக்கும்வரை காத்தல் வேறு என்று நான் வாதிட்டேன். அயலவர் உரிமையோ இன்னும் வலிய வாதம். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் வீடுகள் சுவரோடு சுவராக நெருங்கியவை. என் இரக்கம் அடுத்த வீட்டாரின் தொழுகைப்பாயில் நடந்து திரிய எனக்கு உரிமையில்லை. எனவே பெட்டி பின்வளவின் தாழ்வாரத்தில் வைக்கப்பட்டது.

இவை அனைத்திலும் கூரிய வாதம் உம்மாவினுடையது. “தொட்ட கைய ஏழு தரம் கழுவலாம் மகன். எடுத்ததுகள எங்க கொண்டு உடப்போறாய்?” என்றார்.

இதற்கு விடை கூற நான் தடுமாறினேன். குட்டிகளைச் சாக்கிற் கட்டி ஊரெல்லைக்கு அப்பால் விட்டுவரும் வழக்கத்தை நாமறிவோம். அது கொலையிலிருந்து அதிகம் விலகியதன்று. சாவிலிருந்து ஓர் உயிரை மீட்டவன், அதன் எஞ்சிய வாழ்நாளுக்கும் ஓரளவு பொறுப்பாளியாகிறான். தடுப்பூசி ஏற்றாது தெருவில் விட்டால், விசர்நாய்க்கடி எனும் தீராக் கொடுமைக்கு வழி திறந்தவனும் ஆகிறான். முதல் இரவிலேயே இரண்டு இறந்தன. மூன்று எஞ்சின.

ஒன்றைப் பாண்டிருப்பு நண்பரொருவர் கேட்டார். நான் தயங்கினேன், எமக்கு ஆகாததை அயற் சமூகத்தின் வாசலில் வைப்பதாக அமையுமோ என்று. அவர் சிரித்தார். அவரது ஊர் திரௌபதை அம்மன் கோயிலால் பெயர் பெற்றது. பாண்டவரின் வனவாசத்தை ஆண்டுதோறும் நடித்துக் காட்டும் ஊர். தன்னோடு வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புகேன் என்று தருமன் நின்ற கதையை அவர் எனக்கு நினைவூட்டவேண்டியிருக்கவில்லை. இன்னொன்று மேற்கே வட்டை வாடிக்குச் சென்றது. பன்றியும் யானையும் வரும் வயலில் நாய் வைத்திருப்பதை எந்த மௌலவியும் மறுத்ததில்லை.

மூன்றாவது பெண் குட்டி. அதனை எவரும் கேட்கவில்லை. ஊசி ஏற்றியாயிற்று, கருத்தடைக்கு வயது வரவேண்டும். பின்வளவு வேலிக்கு வெளியே சாக்கொன்றிற் படுத்திருக்கிறது. உம்மா அதனைத் தொடுவதில்லை. ஆனால் அஸருக்குப் பின் மீன்தலையும் சோறும் சிரட்டையில் இட்டு, வேலியோரம் வைத்துவிட்டு வருகிறார். கையை ஒரு முறை மட்டுமே கழுவுகிறார், ஈரம் படவில்லையாம்.