குர்ஆனுக்குத் தவறான ஆதாரம் தேவையா?



சிவப்பு ரோஜா போன்ற ஒரு நெபுலாவின் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 37-வது வசனத்துக்கு அது ஆதாரம் என்று பரப்புகிறார்கள். ஆனால் அந்த வசனம் பேசுவது, வானம் பிளக்கும் நாளைப் பற்றி.

படத்தில் இருப்பது பூனைக்கண் நெபுலா. வில்லியம் ஹெர்ஷல் 1786-ல் கண்டுபிடித்தார். அது விண்மீன்களின் கூட்டமல்ல, ஒளிரும் வாயு என்று 1864-ல் வில்லியம் ஹக்கின்ஸ் கண்டறிந்தார். முதுமையடைந்த விண்மீன் ஒன்று உதறிய மேலடுக்குகளே அந்த வாயு. டிராகோ விண்மீன் குழுவில் உள்ள அதைச் சிறிய தொலைநோக்கியில் பார்த்தால் நீலப்பச்சையான சிறு வட்டமாகத்தான் தெரியும். படத்தின் நிறங்கள், வாயுக்களைப் பிரித்துக் காட்ட விஞ்ஞானிகள் கொடுத்தவை.

நாளை நம் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "ரோஜா எங்கே வாப்பா?" என்று கேட்டால்? அவனுடைய சந்தேகம் படத்தை அனுப்பியவரோடு நிற்காது. வேதத்தின் மீதும் விழும்.

நல்ல நோக்கம் தவறான செய்தியை உண்மையாக்காது. வரும் செய்தியை விசாரித்து அறியும்படி அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. வானத்தைச் சிந்தித்துப் பார்க்கச் சொன்ன இறைவனின் படைப்பை உள்ளபடியே பார்ப்போம். சுப்ஹானல்லாஹ் என்று சொல்ல அந்த நீலப்பச்சை வட்டமே போதும்.

உண்மையை மட்டுமே பேசுவோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.