எது கிராமம்?

தில்லிக்குச் செல்லும் தமிழர்களில் பலர் ராமகிருஷ்ணபுரத்திலுள்ள மலை மந்திரில் சுவாமிநாதப் பெருமானை வணங்கித் திரும்புவர். அங்கிருந்து சற்றுத் தொலைவில் முனிர்கா என்ற பகுதி உள்ளது. நெடுஞ்சாலையை விட்டு உள்ளே நுழைந்தால் குறுகிய சந்துகள். இருபுறமும் நான்கைந்து மாடி வீடுகள். தலைக்கு மேல் பின்னிக் கிடக்கும் மின்கம்பிகள். ஒரு காலத்தில் இது உழவர்களின் கிராமம். இன்று தலைநகரின் ஒரு பகுதி.

1911 டிசம்பரில் ஆங்கில அரசு தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தது. ரைசினா, மால்சா முதலிய கிராமங்களின் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. ரைசினா என்பது இன்று குடியரசுத் தலைவர் மாளிகை நிற்கும் குன்றின் பெயராகவே அறியப்படுகிறது. விடுதலைக்குப் பின் நகரம் மேலும் விரிந்தது. 1957-இல் தில்லி வளர்ச்சி ஆணையம் தோன்றியது. சுற்றியிருந்த கிராமங்களின் வயல்கள் அரசின் வசமாயின. வீடுகள் இருந்த இடம் மட்டும் ஊராரிடம் எஞ்சியது. அந்த இடத்தைச் சுற்றி 1908-இலேயே வருவாய்த் துறை வரைபடத்தில் சிவப்புக் கோடு வரைந்திருந்தது. அதன் பெயர் 'லால் டோரா', அதாவது சிவப்பு நூல். விளைநிலத்தையும் குடியிருப்பையும் பிரித்துக் காட்டவே அது வரையப்பட்டது. வயல் போயிற்று, கோடு நின்றது.

ஏரை இழந்தவர்களுக்கு வாடகையே விளைச்சலாயிற்று. மாடிமேல் மாடி எழுந்தது. மாணவர்களும் வேலை தேடுவோரும் வடகிழக்கு மாநில இளைஞர்களும் அந்த அறைகளில் குடியேறினர்.

வயல் இல்லை, ஏர் இல்லை. வசிப்பவர்களில் பெரும்பாலோர் அங்குப் பிறந்தவர்களும் அல்லர். அப்படியானால் கிராமம் என்பது எது?

மிலிந்த மன்னனிடம் பிக்கு நாகசேனர் இத்தகைய வினாவையே எழுப்பினார். சக்கரம் ரதமா, அச்சு ரதமா, நுகம் ரதமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த உறுப்பும் ரதமன்று என்பதை மன்னன் ஒப்புக்கொண்டான். கிராமத்தையும் அவ்வாறே ஆராயலாம். மண்ணா, வீடா, பெயரா, வம்சமா?

'வம்சமே கிராமம், மற்றவர்கள் வாடகைக்கு வந்தவர்கள்' என்று முதியவர் ஒருவர் கூறக்கூடும். அவரது துயரம் நியாயமானது. நிலத்திற்கு இழப்பீடு தரலாம். விதைப்பும் அறுவடையுமாய்ச் சுழன்ற வாழ்க்கைக்கு ஈடு ஏது? ஆனால் நகரத்தால் அந்நியராக்கப்பட்டவரே, வாயிலில் வந்து நிற்பவரின் முகத்தையும் மொழியையும் உணவின் மணத்தையும் காரணம் காட்டி அறையை மறுத்தால், தமக்கு நேர்ந்ததை அவர் பிறருக்குச் செய்கிறார். வடகிழக்கு மக்கள் பிற மாநிலங்களில் படும் இன்னல்களை ஆராய 2014-இல் மத்திய அரசு பெஸ்பரூவா தலைமையில் ஒரு குழுவை அமைக்க நேர்ந்ததை இங்கு நினைக்க வேண்டும்.

குறை ஒரு பக்கம் மட்டுமன்று. ஆண்டுக்கணக்கில் ஓர் ஊரில் வசித்தும், மலிவான அறை என்பதற்கு மேல் அதைப் பற்றி எதுவும் அறியாமல் வெளியேறுவோரும் உண்டு.

அதிதியைத் தெய்வமாகக் கருதும்படி தைத்திரீய உபநிஷதம் மாணவனுக்கு உபதேசிக்கிறது. வாடகை கொடுப்பவர் அதிதியாவாரா? பணம் கைமாறியதும் கடமை தீர்ந்தது என்று சந்தை சொல்லும். அறையைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் நள்ளிரவில் மூன்றாம் மாடியில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் யார் ஓடிவருவது? கீழ்த்தளத்து மூதாட்டி தனித்திருக்கும்போது அவருக்கு மருந்து வாங்கி வருவது யார்? எந்த வாடகைப் பத்திரத்திலும் இதற்கு விதி இல்லை. விதி இல்லாத இடத்தில்தான் தர்மம் தன் பணியைத் தொடங்குகிறது.

ரதத்தைப் போலவே கிராமமும் அதன் உறுப்புகள் எதிலும் இல்லை. அவை ஒன்றோடொன்று கொள்ளும் உறவில் இருக்கிறது. மண் பறிபோனாலும் அந்த உறவைப் புதிதாக வந்தவரோடும் ஏற்படுத்திக்கொள்ள முடியும். அது நிகழும் சந்தில் கிராமம் இன்றும் வாழ்கிறது. நிகழாவிடில், எஞ்சியிருப்பது வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு மட்டுமே.